சுரங்கப்பாதையில் நிற்காத படம்

உரைநடை – அறிவியல் தமிழ்

நுழையும்முன்

கைப்பேசியில் படம் பார்க்கும்போது சில வேளைகளில் காட்சி மங்குகிறது. சிறிது நேரத்தில் தானே தெளிவடைகிறது. இதனைப் பலரும் குறை என்றே எண்ணுகின்றனர். உண்மையில் அந்த மங்கல், படம் நின்றுவிடாமல் காப்பதற்காகத் திட்டமிட்டுச் செய்யப்படும் ஓர் ஏற்பாடு ஆகும். நிலையில்லாத கம்பியில்லா வலையமைப்பிற்கு ஏற்பக் காணொலி தன்னை எவ்வாறு மாற்றிக்கொள்கிறது என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

யாழினியின் வினா

கோடை விடுமுறை தொடங்கியது. தில்லியில் எட்டாம் வகுப்புப் பயிலும் யாழினி, தன் தாயுடன் தமிழ்நாடு விரைவு வண்டியில் சென்னைக்குப் புறப்பட்டாள். அங்கிருந்து நெல்லைக்குச் சென்று ஆச்சியைக் காண வேண்டும். மறுநாள் காலை, வண்டி போபாலையும் இட்டார்சியையும் கடந்து சாத்புரா மலைப்பகுதியில் ஏறத் தொடங்கியது. யாழினி தாயின் கைப்பேசியில் ஒரு தமிழ்த் திரைப்படம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி ஒரு சுரங்கப்பாதைக்குள் நுழைந்தது. சாளரத்தின் வெளிச்சம் மறைந்தது. கைப்பேசியின் மூலையில் இருந்த அலைக்குறியும் மறைந்தது. ஆயினும் படம் ஓடிக்கொண்டே இருந்தது. வண்டி வெளியே வந்த சிறிது நேரத்தில் காட்சி, நீர் பட்ட ஓவியம்போல் மங்கியது. பிறகு மெல்ல மெல்லத் தெளிந்தது.

சற்று நேரம் கழித்து ஆச்சி காணொலி அழைப்பில் வந்தார். "வண்டி எந்த ஊரைத் தாண்டியிருக்கிறது, கண்ணு?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் அடுத்த சுரங்கப்பாதை வந்துவிட்டது. ஆச்சியின் முகம் அசைவற்று உறைந்தது, குரலும் நின்றது.

"அம்மா, கைப்பேசி ஒன்றே, வண்டி ஒன்றே, மலையும் ஒன்றே. படம் நிற்கவில்லை, ஆச்சியின் பேச்சு மட்டும் ஏன் நின்றது?" என்று கேட்டாள் யாழினி.

நல்ல வினா. இதற்கு விடை காண வேண்டுமானால், படம் கைப்பேசிக்கு வரும் வழியை முதலில் அறிய வேண்டும்.

பெருவெள்ளத்தைச் சுருக்குதல்

காணொலி என்பது விரைந்து மாறும் நிலைப்படங்களின் வரிசை. ஒரு நொடிக்கு 25 அல்லது 30 படங்கள் மாறும்போது நம் கண்ணுக்கு அவை அசைவாகத் தோன்றுகின்றன. ஒவ்வொரு படமும் சிறு சிறு படப்புள்ளிகளால் ஆனது. முழு உயர்தரப் படம் ஒன்றில் குறுக்கே 1920 புள்ளிகளும், மேலிருந்து கீழாக 1080 புள்ளிகளும் உள்ளன. இரண்டையும் பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட்டுகள் தேவை எனக் கொள்வோம். நொடிக்கு 25 படங்கள் என்றால், ஒரு நொடிக் காட்சிக்கு ஏறத்தாழ 124 கோடி பிட்டுகள் வேண்டும். இவ்வளவையும் அப்படியே அனுப்பக் கைப்பேசி வலையமைப்பால் இயலாது.

ஆகவே காணொலி முதலில் சுருக்கப்படுகிறது. ஒருவர் மரத்தடியில் நின்று பேசும் காட்சியில் மரமும் வானமும் மாறுவதில்லை. உதடும் கையுமே அசைகின்றன. எனவே ஒரு படத்தை முழுமையாக அனுப்பிவிட்டு, அடுத்து வரும் படங்களில் மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பினால் போதும். மேலும், கண் எளிதில் உணராத நுண்ணிய வேறுபாடுகளும் நீக்கப்படுகின்றன. இவ்வகை முறைகளால் 124 கோடி பிட்டுகள், ஏறத்தாழ 50 இலட்சம் பிட்டுகளாகக் குறைந்துவிடுகின்றன. 250 பங்கில் ஒரு பங்கே எஞ்சுகிறது.

துண்டுகளும் படிகளும்

முன்பெல்லாம் காணொலிக் கோப்பு முழுவதையும் பதிவிறக்கம் செய்தபின் பார்ப்பதே வழக்கம். பின்னர், ஒருபுறம் தரவு வந்துகொண்டிருக்க, மறுபுறம் படம் ஓடிக்கொண்டிருக்கும் முறை வந்தது. ஓடைநீர் போல இடைவிடாது வருவதால் இதனை ஸ்ட்ரீமிங் என்றனர். ஆனால் ஓடையின் நீரளவு எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. வலையமைப்பின் வேகம் குறைந்தபோதெல்லாம் படம் நின்றது. திரையின் நடுவே வட்டம் சுழன்றது.

இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது. ஒரு திரைப்படத்தை ஒரே நீண்ட கோப்பாக வைக்காமல், சில நொடிகள் மட்டுமே ஓடும் சிறு துண்டுகளாகப் பிரிக்கின்றனர். ஒவ்வொரு துண்டையும் பல தரநிலைகளில் முன்கூட்டியே ஆயத்தம் செய்து சேவையகத்தில் வைக்கின்றனர். அத்தரநிலைகள் ஏணியின் படிகளைப் போன்றவை. சான்றாக ஓர் ஏணியைக் காண்போம்:

- 240 வரிப் படம் – நொடிக்கு 3 இலட்சம் பிட்டுகள்
- 480 வரிப் படம் – நொடிக்கு 12 இலட்சம் பிட்டுகள்
- 720 வரிப் படம் – நொடிக்கு 25 இலட்சம் பிட்டுகள்
- 1080 வரிப் படம் – நொடிக்கு 50 இலட்சம் பிட்டுகள்

இங்கு வரி என்பது படப்புள்ளிகளின் கிடைவரிசையைக் குறிக்கும். எந்தத் துண்டு எங்கே, எந்தத் தரத்தில் உள்ளது என்பதைக் கூறும் பட்டியல் கோப்பு ஒன்றும் உண்டு. கைப்பேசி முதலில் அப்பட்டியலைப் பெறுகிறது. பின்னர் ஒவ்வொரு துண்டாகக் கேட்டு வாங்குகிறது. முதல் துண்டை உயர்ந்த படியிலும், அடுத்த துண்டைத் தாழ்ந்த படியிலும் கேட்கலாம். கதை எங்கும் அறுபடுவதில்லை. காட்சியின் தெளிவு மட்டுமே மாறுகிறது.

ஆப்பிள் நிறுவனம் இத்தகைய முறை ஒன்றை 2009ஆம் ஆண்டு வெளியிட்டது. 2012ஆம் ஆண்டு 'டேஷ்' என்னும் பெயரில் பன்னாட்டுத் தரம் ஒன்றும் வெளிவந்தது. இவை இரண்டும், வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் வழியாகவே காணொலித் துண்டுகளையும் கொண்டுவருகின்றன.

முடிவெடுப்பது யார்?

எந்தப் படியில் அடுத்த துண்டைக் கேட்பது என்பதைப் பெரும்பாலும் சேவையகம் முடிவு செய்வதில்லை. பார்ப்பவரின் கைப்பேசியில் உள்ள செயலியே முடிவு செய்கிறது. சாத்புரா மலையில் அலை எப்படி இருக்கிறது என்பதைத் தொலைவில் உள்ள சேவையகம் எங்ஙனம் அறியும்? வண்டியில் இருக்கும் கைப்பேசியே அதனை உடனுக்குடன் உணர முடியும்.

செயலி இரண்டு செய்திகளைக் கவனிக்கிறது. ஒன்று, கடைசியாகக் கேட்ட துண்டுகள் எவ்வளவு விரைவில் வந்தன என்பது. மற்றொன்று, இடையகத்தில் எவ்வளவு காட்சி இருப்பு உள்ளது என்பது. வீட்டின் மாடியில் உள்ள நீர்த்தொட்டியைப் போன்றது இடையகம். குழாயில் நீர் வராத வேளையிலும் தொட்டியில் உள்ள நீர் நமக்கு உதவுகிறது அன்றோ? அதுபோல, இனி ஓட வேண்டிய துண்டுகள் முன்கூட்டியே வந்து இடையகத்தில் காத்திருக்கின்றன.

இப்போது யாழினியின் படத்திற்கு வருவோம். ஒவ்வொரு துண்டும் 4 நொடி ஓடும் என்றும், சுரங்கத்தில் நுழையும்போது இடையகத்தில் 7 துண்டுகள் இருந்தன என்றும் கொள்வோம். கையிருப்பு 28 நொடி. சுரங்கத்தைக் கடக்க 20 நொடி ஆனது. அந்த 20 நொடியும் புதிய துண்டு எதுவும் வரவில்லை. ஆயினும் படம் இருப்பிலிருந்து ஓடியது. வெளியே வந்தபோது எஞ்சியது 8 நொடி மட்டுமே.

வெளியே அலை மெலிவாக இருந்தது. நொடிக்கு 12 இலட்சம் பிட்டுகளே வந்தன. அந்நிலையில் 1080 வரித் துண்டு ஒன்றைக் கேட்டால், 200 இலட்சம் பிட்டுகள் வந்து சேர ஏறத்தாழ 17 நொடி ஆகும். இருப்போ 8 நொடி! படம் நின்றுவிடும். 240 வரித் துண்டைக் கேட்டால், 12 இலட்சம் பிட்டுகள் ஒரே நொடியில் வந்துவிடும். ஒரு நொடி செலவிட்டு 4 நொடிக் காட்சியைப் பெறலாம். தொட்டி விரைவில் நிரம்பும். ஆகவே செயலி கீழ்ப்படியைத் தேர்ந்தெடுத்தது. இருப்பு ஓரளவு சேர்ந்து, அலையும் வலுப்பெற்ற பின்னர்ப் படிப்படியாக மேலேறியது. யாழினி கண்ட மங்கலுக்கும் தெளிவுக்கும் காரணம் இதுவே.

நல்ல செயலி இறங்கும்போது விரைந்து இறங்கும். ஏறும்போது நிதானமாக ஏறும். அலை சற்றே வலுத்த உடனே உச்சிப்படிக்குத் தாவினால், மறுகணமே இறங்க நேரலாம். தெளிவு அடிக்கடி மாறிக்கொண்டே இருப்பதும் பார்ப்பவருக்குத் தொல்லைதான்.

கம்பியில்லா வழியின் இயல்பு

கம்பிவழி வரும் இணைப்பைவிடக் கைப்பேசி இணைப்பு மிகுதியாக ஏறி இறங்குவது ஏன்? கோபுரத்திலிருந்து விலக விலக அலை மெலிகிறது. மலையும் சுவரும் அதனைத் தடுக்கின்றன. ஓடும் வண்டியில் இருப்பவரின் இணைப்பை ஒரு கோபுரம் அடுத்த கோபுரத்திடம் ஒப்படைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கைமாற்றத்தின்போதும் சிறு தடங்கல் நேரலாம்.

இவற்றோடு மற்றொரு காரணமும் உண்டு. ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருப்போர் அனைவரும் அதன் அலைக்கற்றையைப் பங்கிட்டுக்கொள்கின்றனர். பெரிய நிலையத்தில் வண்டி நிற்கும்போது அலைக்குறி முழுமையாகத் தெரிந்தும் படம் மெதுவாக வருவதுண்டு. அங்கே அலை வலிமையாகவே உள்ளது. பங்கு கேட்போர்தாம் மிகுதி.

ஆச்சியின் குரல்

இனி யாழினியின் வினாவிற்கு விடை எளிது. திரைப்படம் முன்பே எடுத்து முடிக்கப்பட்டது. இன்னும் அரை நிமிடம் கழித்து வரவேண்டிய காட்சியை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆச்சி அடுத்துப் பேசப்போகும் சொல்லை முன்கூட்டியே வாங்கி வைக்க முடியுமா? அவர் இன்னும் அதனைப் பேசவே இல்லையே!

உரையாடலில் சிறிய காலத்தாழ்வும் இடையூறாகிறது. பேச்சு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லும் நேரம், ஒரு நொடியை ஆயிரமாகப் பகுத்தால் அதில் 150 பங்கிற்கு மேற்படாதிருப்பது நல்லது எனப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது. அதனால் அழைப்பில் பெரிய இடையகம் வைக்க இயலாது. தொட்டியில்லாத வீட்டில் குழாய் நின்றால் நீரும் நிற்கும்; சுரங்கத்தில் ஆச்சியின் குரல் நின்றதும் அவ்வாறே.

நேரலை ஒளிபரப்பு இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அதில் சில நொடி இருப்பு வைக்கலாம். அதனால்தான் கிரிக்கெட் போட்டியைக் கைப்பேசியில் காணும் நாம் பந்துவீச்சைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியின் முன் ஆரவாரம் எழுந்துவிடுகிறது.

அழைப்பு தடுமாறும்போது செயலி என்ன செய்யும்? முதலில் காட்சியின் தெளிவைக் குறைக்கும். இயலாதபோது காட்சியையே நிறுத்திக் குரலை மட்டும் காக்க முயலும். தெளிவான பேச்சுக்கு நொடிக்கு ஏறத்தாழ 30 ஆயிரம் பிட்டுகளே போதும். முகத்திற்கு வேண்டியதில் மிகச் சிறு பங்கே குரலுக்கு வேண்டும்.

மறைந்துபோன புள்ளி

தெளிவைக் குறைப்பது எல்லா இடத்திலும் தீங்கற்றது அன்று. படத்தை மிகுதியாகச் சுருக்கும்போது முதலில் அழிவன நுண்ணிய கூறுகள். தமிழ் எழுத்தில் மிக நுண்ணியது மெய்யெழுத்தின் தலைமேல் உள்ள புள்ளி. இணையவழி வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் 'கல்' என்று சிறிதாக எழுதினால், தாழ்ந்த தரத்தில் காணும் மாணவர்க்கு அது 'கல' என்று தோன்றக்கூடும். கற்கச் சொன்ன சொல், கலக்கச் சொல்வதாக மாறிவிடும்! எனவே கதைக்குப் பொருந்தும் தரம் பாடத்திற்குப் பொருந்தாமல் போகலாம். எதனை விடலாம், எதனை விடலாகாது என்பதைப் பயனே முடிவு செய்கிறது.

பொதுவழியில் நம் பங்கு

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. கல்வி, அலுவலகப் பணி, மருத்துவ ஆலோசனை, பொழுதுபோக்கு ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் இணையத்தை நாடின. வலையமைப்பின் சுமை கூடியது. அந்நிலையில், இந்தியாவில் காணொலிச் சேவை வழங்கும் முன்னணி நிறுவனங்கள், கைப்பேசி வலையமைப்பில் 480 வரிக்கு மேற்பட்ட தரத்தில் காட்சிகளை வழங்குவதில்லை என ஏப்ரல் 14 வரை ஒப்புக்கொண்டன. ஏணியின் மேற்படிகளைச் சில நாள் மூடிவைத்தனர் எனலாம். திரைப்படம் சற்று மங்கலாகத் தெரிந்தால் இழப்பு சிறிது. ஒரு மாணவரின் பாடமோ, ஒரு நோயாளரின் உரையாடலோ அறுந்தால் இழப்பு பெரிது.

இந்த முடிவை நாமும் எடுக்க முடியும். செயலியின் அமைப்பில் தரத்தை நாமே தேர்ந்தெடுக்கும் வசதி பெரும்பாலும் உண்டு. உள்ளங்கை அளவுத் திரையில் 1080 வரிக்கும் 480 வரிக்கும் உள்ள வேறுபாட்டைவிட, தரவுச் செலவில் உள்ள வேறுபாடு மிகப் பெரிது.

வண்டி நாக்பூர் நிலையத்தில் நின்றது. யாழினி மீண்டும் ஆச்சியை அழைத்தாள். முகம் விட்டுவிட்டுத் தெரிந்தது, சொற்களும் அறுந்தன. அவள் சிந்தித்தாள், காட்சியை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் வைத்தாள்.

"உன் முகம் தெரியவில்லையே, கண்ணு?"

"குரல் தெளிவாகக் கேட்கிறதா, ஆச்சி?"

"பக்கத்தில் அமர்ந்து பேசுவதுபோல் கேட்கிறது."

"அது போதும், ஆச்சி. முகத்தை நாளை மறுநாள் நேரிலேயே பார்த்துக்கொள்ளலாம்."

சொல்லும் பொருளும்

- அலைக்கற்றை – கம்பியில்லாத் தொடர்புக்குப் பயன்படும் அலைகளின் தொகுதி
- இடையகம் – வரும் தரவைச் சிறிது நேரம் சேர்த்துவைக்கும் இடம்
- சேவையகம் – கேட்போர்க்குத் தரவை வழங்கும் கணினி
- தரநிலை – தெளிவின் அளவு
- சாளரம் – சன்னல்
- மெலிதல் – வலிமை குறைதல்

இலக்கணம் அறிவோம்

"வேகம் குறைந்தால் தரம் குறையும்." இத்தொடரில் ஒரு செயல் நிகழ்வதற்கு மற்றொரு செயல் நிபந்தனையாக உள்ளது. 'குறைந்தால்' என்பது நிபந்தனைப் பொருள் தரும் வினையெச்சம். இதனையே செய்யுளிலும் பழைய உரைநடையிலும் 'குறையின்' என எழுதுவர். இது 'செயின்' என்னும் வாய்பாட்டைச் சேர்ந்தது. வந்தால் – வரின்; கண்டால் – காணின்; கேட்டால் – கேட்பின் என்பன பிற சான்றுகள். காணொலிச் செயலியின் விதிகள் அனைத்தையும் இவ்வகைத் தொடர்களாலேயே எழுதிவிடலாம்.

மதிப்பீடு

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. அடுத்த துண்டின் தரத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது –
க) சேவையகம்  ங) கோபுரம்  ச) கைப்பேசிச் செயலி  ஞ) பட்டியல் கோப்பு

2. 'அலைக்கற்றை' என்னும் சொல்லைப் பிரித்து எழுதக் கிடைப்பது –
க) அலைக் + கற்றை  ங) அலை + கற்றை  ச) அல் + கற்றை  ஞ) அலை + அற்றை

ஆ) நிபந்தனைத் தொடராக மாற்றி எழுதுக.

1. இருப்பு தீர்ந்தது. படம் நின்றது.
2. அலை வலுத்தது. காட்சி தெளிந்தது.

இ) குறுவினா

1. காணொலியைச் சுருக்கும் முறைகள் இரண்டனை எழுதுக.
2. 'கல்' என்னும் சொல் 'கல' எனத் தோன்றுவது எதனால்?

ஈ) சிறுவினா

1. இடையகத்தை நீர்த்தொட்டியுடன் ஒப்பிட்டு விளக்குக.
2. சுரங்கப்பாதையில் திரைப்படம் ஓடியது. ஆச்சியின் அழைப்பு நின்றது. காரணம் கூறுக.

உ) கணக்கிட்டு எழுதுக.

480 வரித் தரத்தில் ஒரு மணிநேரம் படம் பார்த்தால் ஆகும் தரவு: 12 இலட்சம் × 3600 ÷ 8 = 54 கோடி பைட்டுகள். இதே முறையில் 1080 வரித் தரத்திற்குக் கணக்கிடுக. இரண்டையும் ஒப்பிட்டு மூன்று தொடர்கள் எழுதுக.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள பாட்டி அல்லது தாத்தாவுடன் ஒருமுறை காட்சியோடும், ஒருமுறை குரல் மட்டுமாகவும் பேசுக. எந்த உரையாடல் தடையின்றி நடந்தது? அவர் கூறிய செய்திகளில் ஐந்தைத் தமிழில் எழுதி வருக.
2. 'விட்டுக்கொடுத்தால் அறுந்துபோகாதவை' என்னும் தலைப்பில் பத்து வரிகள் எழுதுக.